தவறிப்போன கடைக்காலும் நொய்மன் வரைந்த இரண்டாவது வரைபடமும்

தெற்கு ஜெர்மனியில், பாட் ஸ்டாஃபல்ஸ்டைன் ஊருக்கு அருகே மைன் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு மேட்டில் நிற்கிறது ஃபியர்ட்சேன்ஹைலிகன் திருத்தலம். பெயரின் பொருள் 'பதினான்கு புனிதர்கள்'. மஞ்சள் மணற்கல் முகப்பும் இரட்டைக் கோபுரமும் தொலைவிலிருந்தே தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் சிலுவை வடிவத்தில் கட்டிய பெரிய கோயில் என்று மட்டுமே தோன்றும். உள்ளே போனால் சிலுவையைக் காணோம். தரையில் நீள்வட்டங்கள், தலைக்கு மேலும் நீள்வட்டங்கள். கோயிலின் முக்கியமான பீடம் சிலுவையின் கைகள் கூடும் இடத்தில் இல்லை. மக்கள் நிற்கும் நீண்ட கூடத்தின் நடுவில், நாலு பக்கமும் சுற்றி வரும்படி தனியாக நிற்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் மிக அழகான உட்புறங்களில் ஒன்று என்று இதைப் பலரும் சொல்வார்கள். எனக்கும் அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த அமைப்பு முதலில் யோசித்து வைத்தது அல்ல. கட்டுமான இடத்தில் நடந்த ஒரு பெரிய தவறுக்குப் பிறகு, எழும்பிவிட்ட சுவர்களை வைத்துக்கொண்டு யோசித்தது. யோசித்தவர் வூர்ட்ஸ்பர்க் அரண்மனையின் கட்டிடக் கலைஞர் பால்தாசர் நொய்மன். தவறு எப்படி நடந்தது, அதை அவர் எப்படிச் சமாளித்தார், அவரால் ஏன் முடிந்தது என்பதுதான் இந்த ஆய்வு.

மணி வார்த்தவர்

நொய்மன் 1687-இல் பொஹீமியாவின் ஏகர் நகரில் பிறந்தார். இன்று அது செக் நாட்டில் கெப் என்ற ஊர். அப்பா துணி நெய்பவர், வீட்டில் பிள்ளைகள் நிறைய. நொய்மன் கற்றது மணியும் பீரங்கியும் வார்க்கும் தொழில். அந்த வேலையாகத்தான் 1711-இல் வூர்ட்ஸ்பர்க் வந்து ஒரு வார்ப்படப் பட்டறையில் சேர்ந்தார். அங்கே ராணுவப் பொறியாளர் ஒருவர் அவருடைய திறமையைக் கண்டு கணக்கும் நில அளவையும் படிக்கச் சொன்னார். படிப்புச் செலவுக்குச் சொந்த ஊர் நகரசபை கடன் கொடுத்தது. 1713-இல், தூண்களின் அளவு விகிதங்களைக் கணக்கிட உதவும் ஒரு கருவியைத் தானே செய்தார். பிறகு பீரங்கிப் படையில் சேர்ந்தார். 1717-இல் துருக்கியருக்கு எதிரான பெல்கிரேட் போர்க்களம் வரை போனார். அதன் பின் வடக்கு இத்தாலியையும் பார்த்துவிட்டு வந்தார்.

வார்ப்புத் தொழிலிலிருந்து வந்தார் என்ற இந்த விவரத்தை அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. மணி வார்ப்பவர் முதலில் செய்வது மணியை அல்ல, மணி இருக்கப்போகும் வெற்றிடத்தை. உள்கருவுக்கும் வெளி அச்சுக்கும் நடுவே விடும் இடைவெளிதான் மணியின் வடிவம். கல் வளைமாடம் கட்டுவதும் ஏறக்குறைய அப்படித்தான். முதலில் மரத்தில் சாரமும் வளைவு அச்சும் கட்டி, அதன் மேல் கல்லை அடுக்கி, சாந்து இறுகிய பிறகு அச்சை எடுக்க வேண்டும். வளைந்த பரப்புகளை மனதுக்குள் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இந்த மனிதருக்குச் சின்ன வயதிலேயே கைவந்துவிட்டது என்று நினைக்கிறேன். பின்னால் வரப்போகும் தீர்வுக்கு வேண்டியிருந்ததும் அந்தப் பழக்கம்தான்.

1719-இல் யோஹான் ஃபிலிப் ஃபிரான்ட்ஸ் ஃபான் ஷோன்பார்ன் வூர்ட்ஸ்பர்க்கின் இளவரச ஆயர் (பிஷப்) ஆனார். அந்தக் காலத்தில் அந்த ஆயரே நாட்டின் அரசரும் கூட. மக்களுக்கு அவர்தான் பூசை வைக்கிறார், அவர்தான் வரி வாங்குகிறார். ஷோன்பார்ன் குடும்பத்துக்குக் கட்டிட மோகம் அதிகம். தங்களைக் 'கட்டிடப் புழு' கடித்திருக்கிறது என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். புதிய ஆயருக்கு, கருவூலத்தில் கையாடல் செய்த ஓர் அதிகாரியிடமிருந்து சுமார் 6 லட்சம் கில்டர் (அந்தக் கால நாணயம்) திரும்பக் கிடைத்தது. அதை வைத்து ஓர் அரண்மனை கட்ட முடிவெடுத்தார். பொறுப்பை நொய்மனிடம் கொடுத்தார். அப்போது நொய்மனுக்கு 33 வயது, சொல்லிக்கொள்ளும்படி பெரிய கட்டிடம் எதையும் அதுவரை கட்டியதில்லை.

1720-இல் அடிக்கல் விழுந்தது. ஆனால் நொய்மன் தனியாக முடிவெடுக்கவில்லை. ஆயரின் சித்தப்பா மைன்ட்ஸ் நகரத்துத் தலைமை ஆயர், அவரிடம் தனியாக ஒரு கட்டிடக் கலைஞர் இருந்தார். வியன்னாவிலிருந்து ஹில்டபிராண்ட் என்ற கட்டிடக் கலைஞர் கருத்துச் சொன்னார். 1723-இல் நொய்மனைப் பாரிசுக்கு அனுப்பி, ராபர்ட் டி கோட், ஜெர்மேன் போஃப்ராங் ஆகிய இரண்டு பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர்களிடமும் வரைபடத்தைக் காட்டச் சொன்னார்கள். முதல் திட்டத்தில் இருந்த இரண்டு பெரிய படிக்கட்டுகள் பின்னால் ஒன்றானது. அடுத்த ஆண்டே ஆயர் திடீரென இறந்தார். அடுத்து வந்தவர் வேலையைக் குறைத்தார். 1729-இல் முதல் ஆயரின் தம்பி ஃபிரீட்ரிக் கார்ல் பதவிக்கு வந்த பிறகுதான் மறுபடி வேகம் பிடித்தது. அரண்மனைக் கட்டிடக் கலைஞர் என்ற பதவியை நாம் ஒரு மேதை தனியாக அமர்ந்து வரைவதாகக் கற்பனை செய்துகொள்கிறோம். உண்மையில் அது ஐந்து பேர் சொல்வதைக் கேட்டு, அவர்கள் விட்டுக்கொடுக்காததைத் தெரிந்துகொண்டு, மிச்சமிருக்கும் இடத்தில் தன் வேலையைச் செய்வது. அதை நொய்மன் கால் நூற்றாண்டு செய்தார்.

அந்த மிச்ச இடத்தில் அவர் செய்ததுதான் படிக்கட்டு மண்டபத்தின் வளைமாடம். சுமார் 18 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளம், நடுவில் ஒரு தூண்கூட இல்லை. கனம் குறைந்த, துளைகள் நிறைந்த கல்லால் கட்டினார். இது நிற்கவே நிற்காது என்று ஹில்டபிராண்ட் சொன்னதாகவும், வேண்டுமானால் உள்ளேயே பீரங்கி வெடித்துக் காட்டுகிறேன் என்று நொய்மன் பதில் சொன்னதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை உண்மையோ இல்லையோ, சோதனை உண்மையாகவே வந்தது. 1945 மார்ச் 16 இரவு, பிரிட்டிஷ் விமானங்கள் சுமார் 20 நிமிடத்தில் வூர்ட்ஸ்பர்க்கை எரித்தன. பழைய நகரத்தின் பெரும்பகுதி போயிற்று, ஏறத்தாழ 5,000 பேர் இறந்தார்கள். அரண்மனையின் கூரை எரிந்து விழுந்தது. வளைமாடம் அதைத் தாங்கிக்கொண்டு நின்றது. அதன் அடியில் இத்தாலிய ஓவியர் தியெப்போலோ வரைந்த 600 சதுர மீட்டருக்கும் பெரிய ஓவியமும் பிழைத்தது. அந்த ஓவியத்தில், பீரங்கியின் மேல் சாய்ந்தபடி, பக்கத்தில் ஒரு நாயோடு அமர்ந்திருக்கும் அதிகாரியை நொய்மன் என்றே அடையாளம் காட்டுகிறார்கள்.

ஆட்டிடையனின் வயல்

இப்போது மைன் ஆற்றின் மேட்டுக்கு வருவோம். 1445 செப்டம்பரில் ஹெர்மன் லைஷ்ட் என்ற இளம் ஆட்டிடையன் அங்கே ஒரு வயலில் குழந்தை அழுவதைக் கண்டான் என்பது தல வரலாறு. அருகில் போனதும் குழந்தை மறைந்தது. அடுத்த ஆண்டு கோடையில் அந்தக் குழந்தை இன்னும் பதின்மூன்று பேரோடு தோன்றி, 'நாங்கள் பதினான்கு துணைப் புனிதர்கள், இங்கே எங்களுக்கு ஒரு கோயில் வேண்டும்' என்று கேட்டதாம். நோய் தீர்க்கவும் ஆபத்தில் காக்கவும் மக்கள் வேண்டிக்கொண்ட புனிதர்கள் அவர்கள். கோயில் எழும்பியது. 1525-இன் விவசாயிகள் போரில் அழிந்தது, மறுபடி கட்டினார்கள். நேர்த்திக்கடனோடு வருகிறவர்கள் பெருகிக்கொண்டே போனார்கள்.

இங்கே ஒன்றை மனதில் வைக்க வேண்டும். கோயிலில் புனிதமானது சிலை அல்ல, பீடமும் அல்ல. அந்த இடம். குழந்தை தோன்றிய அந்தத் துண்டு மண். பீடத்தை மாற்றலாம், மண்ணை மாற்ற முடியாது.

நிலம் லாங்ஹைம் மடத்துச் சிஸ்டெர்சியன் துறவிகளுடையது. 1740 வாக்கில் மடத்தலைவர் ஸ்டெஃபான் மோசிங்கர் பெரிய புதுக்கோயில் கட்ட நினைத்தார். ஆனால் அந்தப் பகுதி பாம்பெர்க் ஆயருக்குக் கீழே வருவது, அவர் அனுமதி இல்லாமல் முடியாது. அப்போதைய பாம்பெர்க் ஆயர் யார் என்றால், அதே ஃபிரீட்ரிக் கார்ல் ஃபான் ஷோன்பார்ன்தான். இரண்டு மறைமாவட்டங்களுக்கும் அவரே ஆயர். யாத்திரைத் தலத்தின் மேல் யாருக்கு உரிமை என்று மடத்துக்கும் ஆயருக்கும் இழுபறி வேறு இருந்தது.

மடத்தலைவருக்குப் பிடித்தவர் கோட்ஃபிரீட் ஹைன்ரிக் க்ரோனே, சாக்சே-வைமார் அரசவையின் கட்டிடக் கலைஞர், புராட்டஸ்டன்ட். அவருடைய வரைபடம் ஆயரிடம் எடுபடவில்லை. பாம்பெர்க்கின் கட்டிடக் கலைஞர் க்யூஷெலும் வரைந்து கொடுத்தார். கடைசியில் ஆயர் தேர்ந்தெடுத்தது 1742-இல் நொய்மன் வரைந்த வரைபடத்தை. இரட்டைக் கோபுரம், சிலுவை வடிவம், கைகள் கூடும் இடத்தில் குவிமாடம், அதற்கு நேர் கீழே புனித இடம். எல்லோருக்கும் புரியும், எல்லோரும் எதிர்பார்க்கும் அமைப்பு.

1743 ஏப்ரல் 23 அன்று அடிக்கல் போட்டார்கள். வரைபடம் ஆயருடைய ஆளின் கையால் வந்தது. ஆனால் இடத்தில் நின்று வேலை வாங்க மடத்தலைவர் வைத்தது க்ரோனேயை. தன் வரைபடத்தைத் தள்ளிவிட்டு இன்னொருவர் வரைந்ததைக் கட்டும் பொறுப்பு அதே மனிதர் கையில். நடந்ததற்கெல்லாம் மூலம் இதுதான் என்பேன். வேலை இடத்தில் ஒருவர், அங்கீகாரம் தருகிற இடத்தில் இன்னொருவர், இருவருக்கும் இரண்டு எஜமானர்கள்.

கிழக்கே நகர்ந்த சுவர்

க்ரோனே வரைபடத்தைத் தன் விருப்பப்படி எளிமையாக்கினார். கூடவே, பலிபீடப் பகுதியைக் கிழக்கே தள்ளிக் கடைக்கால் எடுத்தார். சுவர்கள் மேலே வரத் தொடங்கின. பலிபீடப் பகுதி நகர்ந்தால் சிலுவையின் கைகளும் கூடவே நகரும், குவிமாடமும் நகரும். புனித இடம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே அது இப்போது மக்கள் நிற்கும் நீண்ட கூடத்தின் நடுவில் வந்து விழுந்தது.

க்ரோனேயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டுப் போவது சுலபம். பழைய எழுத்துகள் பலவும் அப்படித்தான் செய்கின்றன, அவர் புராட்டஸ்டன்ட் என்பதையும் சேர்த்துச் சொல்லி. அது நியாயமில்லை. ருடோல்ஷ்டாட்டின் ஹைடெக்ஸ்பர்க் அரண்மனையில் அவர் செய்த விழா மண்டபத்தைப் பார்த்தால் அவர் சாதாரண ஆள் இல்லை என்று தெரியும். டோர்ன்பர்க்கில் அவர் கட்டிய சிறிய அரண்மனையும் அப்படியே. தவறு அவருடையதுதான். ஆனால் அதைத் தடுக்க வேண்டியவர் அங்கே இல்லை. நொய்மன் அந்த ஆண்டுகளில் வூர்ட்ஸ்பர்க் அரண்மனை, வெர்னெக் கோடை மாளிகை, ப்ரூல், ப்ருக்சால் என்று ஒரே சமயத்தில் பல இடங்களுக்குப் பொறுப்பு. மைன் மேட்டுக்கும் வூர்ட்ஸ்பர்க்குக்கும் நடுவே குதிரை வண்டியில் ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாத தூரம். கடைக்காலுக்குக் கயிறு கட்டிக் குறிக்கும் நாளில் வரைந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும்.

நொய்மன் வந்து பார்த்தபோது பலிபீடப் பகுதியின் வெளிச்சுவர்கள் எழுந்துவிட்டன. க்ரோனேயிடமிருந்து வேலை பறிபோயிற்று. சரி, ஆளை மாற்றலாம், சுவரை என்ன செய்வது?

வழிகளை எண்ணிப் பார்க்கலாம். இடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம். மடத்தின் பணமும் ஒரு வருட உழைப்பும் மண்ணோடு போகும். எழுந்த சுவரை அப்படியே வைத்து, பழைய வரைபடத்தை மேலே ஏற்றலாம். அப்படிச் செய்தால் பெரிய குவிமாடத்துக்குக் கீழே வெறும் தரை இருக்கும், மக்கள் தேடி வந்த பீடம் கூடத்தின் நடுவே வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். பீடத்தை மட்டும் தூக்கிக் குவிமாடத்துக்குக் கீழே வைக்கலாம் என்றால், கோயில் எதற்காக எழுந்ததோ அந்தக் காரணமே போய்விடும்.

நொய்மன் இவை எதையும் எடுக்கவில்லை. 1744-இல் புதிய வரைபடம் வந்தது. வெளிச்சுவர்களை அவை நின்ற இடத்திலேயே ஏற்றுக்கொண்டார். கோயிலின் நடு எது என்பதை மாற்றினார்.

மேலே நடந்த மாற்றம்

வெளிச்சுவர் சிலுவை வடிவம்தான். அதற்குள், சுவரோடு ஒட்டாமல், தூண்களையும் வளைவுகளையும் கொண்டு வேறொரு கட்டிடத்தை வைத்தார். வாசலிலிருந்து கிழக்கே போகும்போது மூன்று நீள்வட்டங்கள் வரிசையாக வருகின்றன. வாசலருகே ஒன்று, பலிபீடப் பகுதியில் ஒன்று, நடுவில் எல்லாவற்றிலும் பெரியது. அந்தப் பெரிய நீள்வட்டம் புனித இடத்தைச் சுற்றி விரிகிறது. சிலுவையின் இரு கைகளிலும் வட்டங்கள். குறுக்குவாட்டில் சிறிய நீள்வட்டங்கள் இவற்றை இணைக்கின்றன.

இதில் துணிச்சலான செயல் எது என்றால், கைகள் கூடும் இடத்தில் அவர் செய்தது. எந்தக் கோயிலிலும் அங்கே குவிமாடத்தை எதிர்பார்ப்போம். இங்கே அது இல்லை. நடு நீள்வட்டத்தின் வளைமாடமும் பலிபீட நீள்வட்டத்தின் வளைமாடமும் சரியாக அந்த இடத்தின் மேல் வந்து ஒன்றையொன்று தொடுகின்றன. உயர வேண்டிய இடத்தில் கூரை கீழே இறங்கி வருகிறது. அதனால் கண் அங்கே தங்காது. தானாகவே பின்னால் திரும்பி, கூரை உயர்ந்து விரிந்திருக்கும் பெரிய நீள்வட்டத்துக்குப் போகும், அதற்குக் கீழே நிற்கும் பீடத்துக்கு இறங்கும். க்ரோனே தவறவிட்ட மையத்தை நொய்மன் கூரையிலிருந்து திருப்பிக் கொண்டுவந்தார்.

இதைக் காகிதத்தில் வரைவது ஒன்று, கல்லில் கட்டுவது வேறு. இரண்டு நீள்வட்ட மாடங்கள் சந்திக்கும் விளிம்பில் வரும் வளைவு, நிமிர்ந்து பார்த்தாலும் வளைந்திருக்கும், மேலிருந்து பார்த்தாலும் வளைந்திருக்கும். ஒரே பலகையில் அதை வரைந்து வெட்டிவிட முடியாது, சாரத்து அச்சையே இரண்டு பக்கமும் திருகிச் செய்ய வேண்டும். மணி வார்த்த கை இங்கே வேலை செய்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்புறம் இன்னொன்று. இந்த யோசனை 1744-இல் வானத்திலிருந்து விழவில்லை. வூர்ட்ஸ்பர்க் அரண்மனைக்குள் இருக்கும் ஆலயத்தை நொய்மன் முன்பே இப்படிக் கட்டியிருந்தார். அது அரண்மனையின் ஒரு மூலைக்குள் அடங்க வேண்டும், முகப்பின் ஜன்னல் வரிசை கொஞ்சமும் மாறக்கூடாது. அதாவது சுவரும் ஜன்னலும் முன்பே முடிவாகிவிட்டன, ஆலயம் அதற்குள் நுழைய வேண்டும். அங்கேயும் அவர் செவ்வகப் பெட்டிக்குள் நீள்வட்டங்களை வரிசையாக வைத்தார். அந்த ஆலயத்தின் அர்ச்சிப்பு, அதாவது அதைப் புனிதப்படுத்தும் சடங்கு, நடந்தது 1743 செப்டம்பரில். ஃபியர்ட்சேன்ஹைலிகனில் தவறு நடந்த அதே ஆண்டு. மற்றவர்கள் தீர்மானித்த சுவருக்குள் தன் கட்டிடத்தை வைப்பது அவருக்குப் புதிதே இல்லை. பலருக்குக் கட்டுப்பட்டு வேலை செய்த அந்த வருடங்களை அவருடைய வாழ்க்கையின் தடை என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது அவருடைய பயிற்சியாகவே தெரிகிறது.

முதல் வரைபடத்தின்படியே கட்டியிருந்தால்? நல்ல கோயிலாகவே இருந்திருக்கும். கூடம் தனியாக, குவிமாடம் தனியாக, பலிபீடம் தனியாகப் பிரிந்து நின்றிருக்கும். இப்போதோ வாசலில் நிற்பவருக்கு எந்தச் சுவர் எங்கே முடிகிறது என்று சட்டென்று பிடிபடாது. தூண்களுக்குப் பின்னாலிருந்து இரண்டு வரிசை ஜன்னல்களின் வெளிச்சம் வருகிறது, எந்த ஜன்னல் என்று தெரியாது. தவறு நல்லதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. அதே தவறு வேறு பலர் கையில் கிடைத்திருந்தால் நடுவில் பீடம் மறிக்கும் ஒரு சங்கடமான கோயில்தான் மிஞ்சியிருக்கும்.

அதற்குப் பிறகு

1746-இல் ஃபிரீட்ரிக் கார்ல் இறந்தார். அடுத்த ஆயர் வூர்ட்ஸ்பர்க்கில் நொய்மனைக் கட்டிடப் பொறுப்பிலிருந்து விலக்கினார். மூன்று வருடம் கழித்து இன்னொரு ஆயர் வந்து திரும்பக் கூப்பிட்டார். அந்த இடைவெளியில்தான் அவர் நேரெஸ்ஹைம் மடத்துக் கோயிலை வரையத் தொடங்கினார். அவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி. வளைமாடங்களைக் கட்டும் முன்பே அவர் இறந்துவிட்டார். அவற்றைக் கல்லில் கட்டப் பின்னால் வந்தவர்களுக்குத் துணிவு வரவில்லை, மரத்தில் இலேசாகக் கட்டி முடித்தார்கள்.

அவருடைய மகன் ஃபிரான்ட்ஸ் இக்னாட்ஸும் கட்டிடக் கலைஞரானார். 1767-இல் இடி விழுந்து எரிந்த மைன்ட்ஸ் பேராலயத்தின் மேற்குக் கோபுரத்தை, இனி நெருப்புப் பிடிக்காதபடி உச்சிவரை கல்லிலேயே எழுப்பியவர் அவர்தான். அப்பாவின் முகம் 1991 முதல் யூரோ வரும் வரை ஜெர்மனியின் 50 மார்க் நோட்டில் இருந்தது, பின்பக்கம் வூர்ட்ஸ்பர்க் படிக்கட்டு.

ஃபியர்ட்சேன்ஹைலிகனில் வேலை மெதுவாகவே நடந்தது. நொய்மன் 1753 ஆகஸ்டில், 66 வயதில் இறந்தார். பீரங்கிப் படையின் கர்னலாக இருந்ததால் ராணுவ மரியாதையோடு வூர்ட்ஸ்பர்க்கின் மரியன்னை ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். மேட்டின் மேல் க்யூஷெல் வேலையைத் தொடர்ந்தார், நடுப் பீடத்தை வடிவமைத்ததும் அவரே. ஃபைஷ்ட்மாயரும் ஊப்ல்ஹோரும் சுதை வேலை செய்தார்கள், அப்பியானி ஓவியம் வரைந்தார். 1835-இல் இடி விழுந்து கூரையும் கோபுர முடிகளும் ஆர்கனும் எரிந்தன. ஓவியங்கள் மழையில் கெட்டன, அவற்றின் மேல் வேறு ஓவியம் வரைந்து, இருபதாம் நூற்றாண்டில் மறுபடி பழையதை வெளியே எடுத்தார்கள்.

கல் மாடங்கள் மூடியது 1763-இல், அர்ச்சிப்பு 1772 செப்டம்பர் 16-இல். வரைபடத்தைத் தேர்ந்தெடுத்த ஆயர் இறந்து அப்போது 26 வருடம் ஆகியிருந்தது. பணம் கொடுத்த மோசிங்கரின் காலம் 1751-லேயே முடிந்துவிட்டது. க்ரோனே 1756-இல் வைமாரில் இறந்தார். கைகள் கூடும் இடத்தின் மேல் கூரை கீழே இறங்கி வருவதை, அதைக் காகிதத்தில் வரைந்த நொய்மனும் நேரில் பார்க்கவில்லை.